பிளேனோவில் வீடு, எட்ஜ்வுட்டுக்கு உபதேசம்

டாலஸ் நகருக்கு வடக்கே பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் வீடு பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பத்துக்கு, வாசல் கிழக்குப் பார்த்ததா என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது. வீட்டுத் தரகருக்கும் இது தெரியும். சமையலறை மேடையின் கிரானைட்டைக் காட்டுவதற்கு முன்பே பள்ளியின் பெயரைச் சொல்லிவிடுவார். வீடு விற்கும் இணையதளங்களில் ஒவ்வொரு வீட்டின் படத்துக்கும் கீழே, அந்த வீட்டுப் பிள்ளைகள் போக வேண்டிய பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டிருக்கும். ஒன்பது, பத்து என்றால் விலை ஏறும். நான்கு, ஐந்து என்றால், பின்கட்டில் நீச்சல் குளமே இருந்தாலும் கார் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிடும்.

அதே குடும்பம் சனிக்கிழமை நண்பர் வீட்டு விருந்துக்குப் போகும். அலுமினியத் தட்டுகளில் புளியோதரையும் தயிர் சாதமும் வரிசையாக இருக்கும். பேச்சு சுற்றிச் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்கும். நகரத்தின் ஏழைப் பகுதிகளில் பள்ளிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். “காசைக் கொட்டினா மட்டும் ஆச்சா? வீட்ல உக்கார வெச்சுப் படிக்க வைக்கணும். அங்க பேரன்ட்ஸுக்கு அக்கறையே இல்ல.” சுற்றி இருக்கும் தலைகள் ஆமோதித்து ஆடும். ஆடும் தலைகளில் பாதி, நல்ல பள்ளிக்காகவே கூடுதல் கடன் வாங்கி வீடு முடித்தவர்களுடையவை.

இந்தப் பேச்சு விருந்து மேசையில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள், சட்டமன்ற உறுப்பினர்கள் இதைச் சொல்லி நிதியை வெட்டியிருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அறுபது வயதான வாதம் இது. அந்த வயதுக்குரிய மரியாதையோடு, முதலிலிருந்தே எடுத்துப் பார்க்கலாம்.

நம் காதுக்கு மாவட்டம் என்றால் ஆட்சியர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேறு மாதிரி. பள்ளிக்கூடம் நடத்துவதற்கென்றே இருக்கும் தனி உள்ளாட்சி அமைப்பு அது. பெரும்பாலும் ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியம், அந்த வாரியம் நியமிக்கும் கண்காணிப்பாளர், தனி வரவுசெலவு, பல மாநிலங்களில் வரி விதிக்கும் அதிகாரம். நாடு முழுக்க இப்படிச் சுமார் 13,000 இருக்கின்றன. பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்றை ஒட்டியே இருக்கும். மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழப் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி வீடு, கடை, நிலம் ஆகியவற்றின் மீதான சொத்து வரி. ஆக, வீடு விலை அதிகமுள்ள ஊரில் பள்ளிக்குப் பணம் சேரும். பள்ளி நன்றாக இருப்பதால் வீடு விலை மேலும் ஏறும். ஆசிரியருக்கு என்ன சம்பளம், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், இசைக்கு ஆள் உண்டா, செவிலியர் தினமும் வருவாரா என்பதெல்லாம் வரைபடத்தில் கோட்டுக்கு எந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

‘பணத்தால் ஆவது ஒன்றுமில்லை’ என்பவர்கள் முதலில் நீட்டும் ஆவணம் 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை. 1964இன் குடிமை உரிமைகள் சட்டம் கேட்டுக்கொண்டபடி சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஏறத்தாழ 4,000 பள்ளிகளையும் ஆராய்ந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆய்வகம் இல்லை, நூலகம் இல்லை, அதனால்தான் பின்தங்குகிறார்கள் என்ற முடிவு வரும் என்றே பலர் எதிர்பார்த்திருந்தார்கள். வந்த முடிவு வேறு. பிள்ளைகளின் மதிப்பெண் வேறுபாட்டை விளக்குவதில் குடும்பப் பின்னணிக்கு இருக்கும் கனம் பள்ளியின் வசதிகளுக்கு இல்லை என்றது அறிக்கை. அன்று முதல் அந்த ஒற்றை வரி வேதவாக்காகிவிட்டது.

அறிக்கையின் மற்ற பக்கங்களைப் புரட்டியவர்கள் குறைவு. பள்ளியின் தரம் மேலும் கீழும் போகும்போது, வசதியான வீட்டுப் பிள்ளையை விடச் சிறுபான்மை இனப் பிள்ளையே அதிகம் பாதிக்கப்படுகிறது என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. ஆசிரியரின் தரம் கணக்கில் வருகிறது என்பதும் அதில் உண்டு. வீட்டில் ஒன்றும் கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளிதான் எல்லாம் என்று சாதாரண புத்தி சொல்வதைத்தான் அந்தப் பக்கங்கள் சொல்கின்றன. அவற்றை மேற்கோள் காட்டி நிதி கேட்டவர்கள் குறைவு. முதல் வரியைக் காட்டி நிதியை மறுத்தவர்கள்தான் அதிகம்.

முறையிலும் ஓட்டை இருந்தது. கோல்மன் குழு எடுத்தது ஒரே ஒரு பருவத்தின் புகைப்படம். பணக்காரக் குடும்பம் பணக்கார ஊரில் இருக்கிறது, பணக்கார ஊரின் பள்ளியும் பணக்காரப் பள்ளி. வீடும் பள்ளியும் பின்னிக் கிடக்கும் இந்த நிலையில், முதலில் எதைக் கணக்கில் போடுகிறோமோ பெருமை அதற்கே போய்விடும். குழு முதலில் போட்டது குடும்பத்தை. 1968இலேயே சாமுவேல் பௌல்ஸ், ஹென்றி லெவின் என்ற இரு பொருளியலாளர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். இன்னொன்று: ஒவ்வொரு பள்ளியும் எவ்வளவு செலவு செய்தது என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. பள்ளி மாவட்டத்தின் சராசரியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே மாவட்டத்துக்குள் ஒரு பள்ளிக்கு நெய்ச் சோறும் இன்னொன்றுக்கு நீராகாரமும் கிடைத்திருந்தால், கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

அடுத்து வந்தவர் பொருளியலாளர் எரிக் ஹனுஷெக். 1986இல் அவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, செலவுக்கும் தேர்ச்சிக்கும் உறுதியான, சீரான தொடர்பு இல்லை என்று எழுதினார். அரசுகள் அவரை நீதிமன்றச் சாட்சியாக அழைத்துச் சென்றன. அவர் கையாண்டது வாக்கு எண்ணிக்கை போன்ற முறை: தொடர்பு உண்டு என்ற ஆய்வுகள் எத்தனை, இல்லை என்பவை எத்தனை. சின்ன ஆய்வுகளில் சின்னப் பலன் கண்ணுக்குத் தப்பிவிடும்; தப்பியதெல்லாம் ‘இல்லை’ பக்கம் விழுந்துவிடும். 1994இல் லாரி ஹெட்ஜஸும் உடன் ஆய்வாளர்களும் அவர் எடுத்த ஆய்வுகளையே எடுத்து, எண்ணாமல் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். பணத்துக்குப் பலன் உண்டு என்று விடை வந்தது.

ஏட்டுச் சண்டையை விட்டுவிட்டு ஒரு ஊருக்குப் போவோம். டெக்சஸ் மாநிலம், சான் அன்டோனியோ. ஒரே நகரத்துக்குள் பல பள்ளி மாவட்டங்கள். மேற்கே எட்ஜ்வுட், அங்கே பத்தில் ஒன்பது பேர் மெக்சிக்க வம்சாவளியினர். வடக்கே ஆலமோ ஹைட்ஸ். பணக்காரர்கள் வாழும் பகுதி. 1967-68 கல்வியாண்டுக் கணக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்குப் பின்னால் இருந்த சொத்து மதிப்பு 5,960 டாலர். ஆலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கும் மேல். எட்ஜ்வுட்காரர்கள் நூறு டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். ஆலமோ ஹைட்ஸில் 85 சென்ட். அதிக விகிதத்தில் வரி கட்டியவர்களின் பிள்ளைக்கு, மத்திய அரசுப் பணத்தையும் சேர்த்து, ஆண்டுக்கு 356 டாலர். குறைந்த விகிதத்தில் கட்டியவர்களின் பிள்ளைக்கு 594 டாலர்.

‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்பவர்கள் அந்த வரி விகிதத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். தன் வீட்டு மதிப்பில் ஆலமோ ஹைட்ஸ்காரரை விடப் பெரிய பங்கைப் பள்ளிக்கு எடுத்துக் கொடுத்தவர் எட்ஜ்வுட்காரர். அக்கறையை அளக்க இதைவிட நேரான கோல் உண்டா என்ன? குறைவாக இருந்தது வீட்டின் விலை.

1968 மே 16 அன்று எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளியில் சுமார் 400 மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து கண்காணிப்பாளர் அலுவலகம் வரை ஊர்வலமாகப் போனார்கள். அவர்கள் சொன்ன குறைகளில் இரண்டு: பாடப் பொருள்கள் போதவில்லை, தகுதியுள்ள ஆசிரியர்கள் இல்லை. படிப்பு வேண்டாம் என்று வெளியேறியவர்கள் இல்லை. படிப்பைக் கேட்டு வெளியேறியவர்கள். அந்த எழுச்சியில் திரண்ட பெற்றோரில் ஒருவர் டெமெட்ரியோ ரோட்ரிகெஸ். விமானப் படைத் தளத்தில் தகட்டு வேலை செய்த தொழிலாளி. சொத்து வரியை நம்பிய இந்த நிதி முறையை எதிர்த்து அவர் பெயரில் தொடுத்த வழக்கு 1971இல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1973 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், கல்வி என்பது அமெரிக்க அரசமைப்புச் சட்டம் வெளிப்படையாகத் தரும் உரிமைகளில் ஒன்றல்ல என்றார். செலவுக்கும் கல்வித் தரத்துக்கும் தொடர்பு உண்டா என்பதிலேயே அறிஞர்களிடம் ஒத்த கருத்து இல்லை என்றும் சுட்டினார். கோல்மன் அறிக்கையிலிருந்து கிளம்பிய சர்ச்சை ஏழே ஆண்டில் தீர்ப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மறுப்புத் தீர்ப்பு எழுதிய தர்குட் மார்ஷல் அதற்கு ஒரு கேள்வியால் பதில் சொன்னார். பணத்தால் தரம் மாறாது என்றால், இந்த வழக்கில் சம்பந்தமே இல்லாத வேறு மாநிலங்களின் பணக்காரப் பள்ளி மாவட்டங்கள் எதற்காக டெக்சஸ் அரசுக்கு ஆதரவாக இந்த நீதிமன்றத்தில் மனுப் போட்டுக்கொண்டு நிற்கின்றன என்பது அந்தக் கேள்வியின் சாரம். ஐம்பது ஆண்டுகளாயிற்று. எதிர்த்தரப்பிலிருந்து இன்னும் நேரான பதில் வரவில்லை.

மார்ஷல் கேட்டதை நேரில் சோதித்துப் பார்க்க வாய்ப்பு டென்னசி மாநிலத்தில் கிடைத்தது. 1985இல் தொடங்கி நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகள், மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை சுமார் 11,600 பிள்ளைகள். குலுக்கல் போட்டுச் சிலரை 13 முதல் 17 பேர் உள்ள சின்ன வகுப்பிலும், மற்றவர்களை 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பிலும் உட்கார வைத்தார்கள். குலுக்கல் என்பதால், பிள்ளையின் அப்பா யார், வீட்டில் புத்தகம் உண்டா என்ற கேள்விகளுக்கே இடமில்லை. இரண்டு வகுப்புகளிலும் எல்லாரும் கலந்திருந்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் முந்தினார்கள். கறுப்பினப் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் இன்னும் அதிகம் முந்தினார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியவர்களின் விகிதமும் சின்ன வகுப்பில் இருந்தவர்களிடையேதான் அதிகம். வகுப்பில் பத்துப் பேரைக் குறைக்க வேண்டுமானால் இன்னொரு ஆசிரியர் வேண்டும், இன்னொரு அறை வேண்டும். இரண்டுக்கும் பணம்தான் வேண்டும்.

கோல்மனின் புகைப்படத்துக்கு மாற்றாக, பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வந்தது. கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிக்கோ என்ற மூவர் செய்தது. ரோட்ரிகெஸ் வழக்கு தோற்ற பிறகு மாநில நீதிமன்றங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வழக்குகள் நடந்தன அல்லவா? அவற்றின் தீர்ப்பால் சில மாநிலங்களில், சில ஆண்டுகளில், ஏழை மாவட்டங்களுக்குத் திடீரென்று பணம் கூடியது. ஊர் மாறவில்லை, பெற்றோர் மாறவில்லை. பணம் மட்டும் மாறியது. 1955க்கும் 1985க்கும் இடையில் பிறந்தவர்களை வைத்து அவர்கள் கண்ட விடை இது: பன்னிரண்டு பள்ளி ஆண்டுகளிலும் ஒரு மாணவருக்கான செலவு 10 சதவீதம் கூடினால், அவர் படித்து முடிக்கும் காலம் 0.31 ஆண்டு கூடுகிறது, பின்னாளில் வாங்கும் கூலி சுமார் 7 சதவீதம் கூடுகிறது, வறுமையில் விழும் வாய்ப்பு குறைகிறது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இதைவிடப் பெரிது.

எதிர்ப் பக்கத்துச் சோதனையும் நடந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை. 2008இன் பொருளாதார வீழ்ச்சியில் மாநிலங்கள் பள்ளி நிதியை வெட்டின. வெட்டு ஆழமாக விழுந்த இடங்களில் மதிப்பெண்ணும் விழுந்தது, கல்லூரிக்குப் போவோர் எண்ணிக்கையும் விழுந்தது என்று ஜாக்சனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள்.

இனி எதிர்த்தரப்பின் துருப்புச் சீட்டு. கான்சஸ் சிட்டி, மிசௌரி. இந்தப் பெயர் வராமல் இந்த விவாதம் முடிந்ததே கிடையாது. இனப் பிரிவினை வழக்கில் 1985 முதல் நீதிபதி ரசல் கிளார்க்கின் உத்தரவுப்படி அந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 200 கோடி டாலர் இறங்கியது. ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம், தொலைக்காட்சி அரங்கம், உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதியோடு மாதிரி ஐ.நா. அவை. மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. 2000இல் மாவட்டம் அங்கீகாரத்தையே இழந்தது. கதை உண்மைதான். மறைக்க வேண்டியதில்லை.

பணம் எதற்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். புறநகர் வெள்ளையினப் பிள்ளைகளைத் திரும்ப நகரப் பள்ளிக்கு இழுப்பதுதான் திட்டத்தின் முக்கிய நோக்கம். அதற்காகத்தான் நீச்சல் குளம். ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது. கல்யாண மண்டபத்துக்குச் சீரியல் விளக்குப் போட்டுவிட்டுச் சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்காமல் விட்டால் பந்தியில் இலை காலியாகத்தான் கிடக்கும். அதைப் பார்த்து ‘கல்யாணத்துக்குச் செலவு செய்வதே வீண்’ என்று எவரும் சொல்வதில்லை. கான்சஸ் சிட்டி காட்டுவது, பணத்தைத் தப்பான இடத்தில் போட முடியும் என்பதை. சரியான இடம் எங்கும் இல்லை என்பதை அது காட்டவில்லை.

‘சில பெருநகர மாவட்டங்கள் ஒரு மாணவருக்குப் புறநகரை விட அதிகம் செலவழித்தும் மதிப்பெண் இல்லையே’ என்பதும் அடிக்கடி கேட்பது. மருந்துச் செலவு அதிகமுள்ள வீட்டில்தான் நோயாளி இருப்பார். மருந்தால் நோய் வந்தது என்று அதற்குப் பொருளா? ஆங்கிலம் தெரியாமல் வந்து சேரும் பிள்ளைகள், தனிக் கவனிப்பு வேண்டிய மாற்றுத்திறன் பிள்ளைகள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறும் பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர்வது அந்த மாவட்டங்களில்தான். அவர்களுக்கு மற்றவர்கள் அளவுக்குச் சொல்லிக்கொடுக்கவே கூடுதல் ஆள் வேண்டும்.

சரியான இடத்தில் பணம் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஊர் இருக்கிறது. நியூஜெர்சியில், மன்ஹாட்டனுக்கு நேர் எதிரே ஹட்சன் ஆற்றின் மறுகரையில் இருக்கும் யூனியன் சிட்டி. வாடகைக் குடியிருப்புகள் நெருக்கியடித்த ஊர். லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளே அதிகம். பல வீடுகளில் ஸ்பானிஷ் மட்டுமே பேச்சு. 1989இல் மாநில அரசு வைத்த 52 அளவுகோல்களில் 44இல் அந்த மாவட்டம் தோற்றது. நிர்வாகத்தையே மாநிலம் எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற நிலை. அடுத்த ஆண்டே, ஆபட் என்ற வழக்கில் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் ஏழை நகர மாவட்டங்களுக்குப் பணக்காரப் புறநகரின் அளவுக்கு நிதி தர வேண்டும் என்றது. 1998இல், மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தரமான மழலைப் பள்ளியும் தர வேண்டும் என்று சேர்த்தது.

யூனியன் சிட்டி நீச்சல் குளம் கட்டவில்லை. ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து பாடத்திட்டத்தை மாற்றி எழுதினார்கள். வகுப்பறைக்குள் புத்தகங்கள் வந்தன. பிள்ளைக்கு முதலில் ஸ்பானிஷில் வாசிக்கக் கற்றுக்கொடுத்து அங்கிருந்து ஆங்கிலத்துக்கு ஏற்றினார்கள். திணறும் புது ஆசிரியரின் வகுப்பில் அனுபவசாலி ஒருவர் போய் உட்கார்ந்து கைகொடுத்தார். மூன்று வயதிலேயே பிள்ளைகள் பள்ளிக்குள் வந்தார்கள். பேராசிரியர் டேவிட் கர்ப் அங்கே ஒரு கல்வியாண்டு முழுக்க வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்து 2013இல் ஒரு புத்தகமே எழுதினார். அதிசய மனிதர் ஒருவர் வந்து மாற்றியதாக அதில் கதை இல்லை. பல ஆண்டுகள் ஒரே வேலையைச் சலிக்காமல் செய்ததும், அந்த வேலைக்கு ஆண்டுதோறும் தவறாமல் பணம் வந்ததும்தான் இருக்கிறது. ஊர்ப் பெற்றோர் அதே வாடகை வீடுகளில், அதே இரட்டை வேலைகளில்தான் இருந்தார்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், வீட்டுச் சூழல் முக்கியம்தானே என்பார்கள். முக்கியம்தான், மறுப்பவர் யார்? வீடு முக்கியம் என்பதிலிருந்து பள்ளி முக்கியமில்லை என்ற முடிவுக்கு எப்படித் தாவுவது என்பதுதான் புரியவில்லை. பொது நிதியை வைத்து ஒரு சட்டமன்றம் எந்த வீட்டுக்குள்ளும் போய்ப் பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்ல முடியாது. பள்ளியில் இன்னொரு ஆசிரியரை நியமிக்க முடியும். செய்ய முடியாததைக் காட்டிச் செய்ய முடிந்ததை மறுப்பது எந்த ஊர் நியாயம்?

அரசு தராத பணம் பள்ளிக்கு வராமல் போவதில்லை. யாரோ ஒருவரின் பையிலிருந்து வருகிறது. அந்தப் பை பெரும்பாலும் ஆசிரியருடையது. சான் அன்டோனியோவிலிருந்து தெற்கே லாரெடோ போகும் வழியில் கோட்டுல்லா என்ற சிற்றூர். 1928இல் அங்கே மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளின் பள்ளிக்கு இருபது வயது இளைஞர் ஒருவர் ஆசிரியராக வந்தார். பிள்ளைகள் பசியோடு வந்ததையும், விளையாட ஒரு பந்துகூட இல்லாததையும் பார்த்தார். முதல் சம்பளத்தில் விளையாட்டுச் சாமான் வாங்கிப் போட்டார். அந்த இளைஞர் பெயர் லிண்டன் ஜான்சன். 1965 ஏப்ரல் 11 அன்று அவர் குடியரசுத் தலைவராக, தான் சிறு வயதில் படித்த பள்ளிக்கூடத்தின் வாசலில், தனக்கு எழுத்தறிவித்த ஆசிரியையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு மத்திய நிதி தரும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

கோட்டுல்லாவில் நடந்தது பழங்கதை என்று நினைத்தால், 2014-15 கல்வியாண்டில் மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் எடுத்த கணக்கு இருக்கிறது. பொதுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் வகுப்புச் சாமான்களுக்குத் தங்கள் கைக்காசைப் போட்டு, அதைத் திரும்பப் பெறாதவர்கள். சராசரியாக ஒருவருக்கு 479 டாலர். பென்சில், காகிதம், கைக்குட்டைப் பெட்டி, குளிர்காலத்தில் யாரோ ஒரு பிள்ளைக்குக் கையுறை. இந்த வழக்கத்தை அங்கீகரிப்பது போல வருமான வரியில் சிறு கழிவு ஒன்றும் உண்டு. முன்பு 250 டாலர், 2022இல் அது 300 ஆனது. எந்தக் காவல் நிலையத்திலாவது காவலர் தன் துப்பாக்கித் தோட்டாவைத் தானே வாங்கிக்கொண்டு வருகிறாரா?

2018இல் ஓக்லஹோமா ஆசிரியர்கள் தெருவுக்கு வந்ததன் பின்னணியும் இதுவே. மாநிலம் பத்து ஆண்டுகளாகச் சம்பளத்தை உயர்த்தவில்லை. செலவைச் சமாளிக்க முடியாமல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாவட்டம் வாரத்துக்கு நான்கு நாள்தான் பள்ளி நடத்தியது. அட்டை கிழிந்து, ஒட்டுநாடா சுற்றிய பாடப்புத்தகங்களின் படங்களை ஆசிரியர்களே ஊருக்குக் காட்டினார்கள். வெள்ளிக்கிழமை பள்ளி இல்லாத பிள்ளையை எங்கே விடுவது என்று திண்டாடிய தாய்மார்களிடம் போய், ‘பணம் முக்கியமில்லை, வீட்டில் படிக்க வையுங்கள்’ என்று உபதேசித்துப் பார்த்தால் தெரியும்.

விருந்து மேசைக்குத் திரும்பலாம். அங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் கிண்டியிலோ, கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலோ, வேறு அரசுக் கல்லூரியிலோ சொற்பக் கட்டணத்தில் பொறியியல் முடித்தவர்கள். முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற சலுகையில் படித்த இளையவர்களும் இருப்பார்கள். அவர்களின் அப்பாவோ அம்மாவோ மதிய உணவுத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றிருக்கலாம். 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்த பிறகு பள்ளிகளில் பிள்ளைகள் கூடினார்கள். அதற்கு முந்தின ஆண்டு வரை அக்கறை இல்லாமலிருந்த பெற்றோருக்கு ஒரே நாளில் அக்கறை முளைத்துவிட்டதா? அடுப்பில் சோறு ஏறியது. சோற்றுக்குக் காசு ஒதுக்கியது அரசு. அந்தக் காசில் ஏறிவந்த ஒரு தலைமுறையின் வாரிசு, டெக்சஸில் உட்கார்ந்துகொண்டு, காசால் என்ன ஆகும் என்கிறார்.

ரோட்ரிகெஸ் வழக்குக்குப் பின்கதை ஒன்று உண்டு. எட்ஜ்வுட் மாவட்டம் மறுபடி, இந்த முறை மாநில அரசமைப்பை வைத்து, வழக்குத் தொடுத்தது. 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எட்ஜ்வுட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இழுபறிக்குப் பின் 1993இல் வந்த சட்டம், சொத்து வளம் மிகுந்த மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியை எடுத்து மற்றவற்றுக்குத் தந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘ராபின் ஹூட்’. ஆலமோ ஹைட்ஸ் பணம் கொடுக்கும் பட்டியலில் சேர்ந்தது. பிளேனோவும் சேர்ந்தது; பல ஆண்டுகளில் அதிகம் கொடுத்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. அன்றிலிருந்து பிளேனோ பக்கத்துப் பள்ளி வாரியக் கூட்டங்களில் எழும் புலம்பல் ஒன்று உண்டு. நம் பிள்ளைகளின் பணம் வெளியூருக்குப் போகிறது, இதனால் நம் பள்ளிகளின் தரம் கெட்டுவிடும் என்பது அது. மார்ஷல் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இலையுதிர் காலத்தில் பிளேனோ வீட்டுக்குச் சொத்து வரிச் சீட்டு வரும். கவுன்டிக்கு ஒரு வரி, நகரத்துக்கு ஒன்று, சமுதாயக் கல்லூரிக்கு ஒன்று, பள்ளி மாவட்டத்துக்கு ஒன்று. எல்லாவற்றிலும் பெரிய தொகை பள்ளிக்குத்தான். ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவார். பள்ளி இசைக்குழுவுக்குப் புது வயலின் வாங்க நிதி திரட்டுகிறோம் என்று பெற்றோர் சங்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால், அதற்கும் ஐம்பது டாலர் அனுப்பிவைப்பார். பிறகு, சனிக்கிழமை விருந்துக்குத் தயிர் சாதம் கிளற அடுப்படிக்குப் போவார்.